நொபோருவோடு போகும் பக்கங்கள்

புத்தகம் கூஷிரோவுக்கு வந்து சேர்ந்தபோது நொபோரு இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

டோக்கியோ கடைகளில் அது செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. ஆனால் கடல் தாண்டி, லாரி மாறி, வடக்கே இந்தத் துறைமுக ஊருக்கு எந்தப் புத்தகமும் இரண்டு நாள் பிந்தித்தான் வரும். "நம்ம ஊருக்குப் பேய்கூட லேட்டாத்தான் வரும்" என்று நொபோரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். இந்த முறை அந்த இரண்டு நாளை அவரால் தாண்ட முடியவில்லை. புதன்கிழமை விடியும் நேரம், மருத்துவமனை ஜன்னலில் ஜூன் மாதத்து மூடுபனி அப்பிக்கொண்டு நிற்க, மனைவி மிசாவோவின் கைக்குள் இருந்த அவர் கை மெல்லக் கனத்துப்போயிற்று.

வந்தது தொமொபே ரெய்ஜியின் புது நாவல். 'வெள்ளைத் துறைமுகம்' என்று பெயர். தொமொபே பேய்க்கதை எழுதுகிறவர். நொபோரு கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருடைய வாசகர். ஒரு வரி விடாமல் படித்தவர் என்று சொன்னால்கூடக் குறைவு. காகித ஆலையில் வேலை பார்த்தவர் என்பதால் ஒவ்வொரு புத்தகத்தையும் முதலில் கட்டைவிரலால் தடவி, காகிதத்தைப் பற்றி ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் கதைக்குள்ளேயே போவார். ஏழு வருடமாகத் தொமொபே எதுவும் எழுதவில்லை. புது நாவலின் தேதி அறிவித்தபோது நொபோரு ஏற்கெனவே படுக்கையில் விழுந்திருந்தார். எத்தனை நாள் என்று சொல்ல மருத்துவர் தயங்கினார். நொபோரு தானே ஒரு நாளை வைத்துக்கொண்டார். புத்தகம் வரும் நாள்வரை.

கடைசியாக அவர் தெளிவாகப் பேசியது அதைப் பற்றியும் நண்பர் ஹதானோவைப் பற்றியும்தான்.

"வந்ததும் நேரா என் கையில கொடு மிசாவோ. ஹதானோ கிட்ட முதல்ல போச்சுன்னா வாயை வச்சுக்கிட்டு இருக்க மாட்டான். கதையைச் சொல்லிடுவான்."

"உங்க கையிலயே கொடுக்கறேன். முதல்ல சூப்பைக் குடிங்க" என்றாள் மிசாவோ.

அவர் குடிக்கவில்லை. ஆனாலும் அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அதனால்தான் வியாழக்கிழமை, உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து உள்ளறையில் பாயின் மேல் மெத்தை விரித்துக் கிடத்திய மறுநாள், தன் அக்காவைக் காவலுக்கு வைத்துவிட்டு மிசாவோ புத்தகக் கடைக்குப் போனாள். இழவு வீட்டை விட்டு யாராவது கடைக்குப் போவார்களா என்று அக்கா முணுமுணுத்தாள். கடைக்காரருக்கு விஷயம் தெரியாது. நொபோருவின் பெயர் எழுதிய சீட்டோடு தனியாக எடுத்து வைத்திருந்த பிரதியை நீட்டி, சார் வரவில்லையா, எத்தனை தடவை போன் பண்ணிக் கேட்டார் என்றார். வீட்டில் இருக்கிறார் என்றாள் மிசாவோ. பொய்யில்லை.

வீட்டுக்கு வந்து அவர் தலைமாட்டில், ஊதுபத்திக்குப் பக்கத்தில், புத்தகத்தை வைத்தாள். பெட்டியில் வைக்கும்போது இரண்டு கைகளுக்கும் நடுவில் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். அந்த ஒரு காரியத்தை நினைத்துக்கொண்டுதான் அவள் அழாமல் இருந்தாள். மருந்து பலிக்கவில்லை, சூப் இறங்கவில்லை, இன்னும் ஒரே ஒரு நாள் பிடித்து வைக்க முடியவில்லை. இந்த ஒன்றாவது சரியாக நடக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை நாட்காட்டியில் 'நண்பனை இழுக்கும் நாள்'. அன்றைக்குத் தகனம் செய்தால் போகிறவர் கூட்டாளிகளையும் கையோடு கூட்டிப்போய்விடுவார் என்பதால் தகனசாலைக்கே விடுமுறை. சாயங்காலம் துறவி வந்து ஓதும் துக்க விழிப்பு, சனிக்கிழமை தகனம் என்று முடிவாகியிருந்தது. நடுவில் ஒரு முழுப் பகல் சும்மா கிடந்தது.

காலையில் செகிகுச்சி வந்தாள். இறுதிச் சடங்கு நிறுவனத்துப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. உலர்பனிக்கட்டியை மாற்றி வைத்துவிட்டு, பெட்டிக்குள் கூட வைக்க வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டாள். மிசாவோ கண்ணாடியையும் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினாள். செகிகுச்சி இரண்டையும் பார்த்துவிட்டு, குனிந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விளக்கினாள். மூக்குக்கண்ணாடி உருகி எலும்பில் ஒட்டிக்கொள்ளும். அதை அப்புறம் கலசத்தில் வைக்கலாம். புத்தகம் அதைவிடச் சிரமம். கெட்டி அட்டை போட்ட தடித்த புத்தகம் முழுசாக எரியாது. ஓரம் கருகும், நடு அப்படியே நிற்கும். கருகின தாள் பறந்து எலும்பு முழுவதும் படிந்துவிடும். பொறுக்கும்போது குடும்பத்தாருக்கே பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

"பத்து இருபது பக்கம்னா பரவாயில்லைங்க. கழட்டி, தாள் தாளாப் பரப்பி வச்சிடலாம்" என்றாள். "அவருக்கு ரொம்பப் பிடிச்ச பக்கமாப் பார்த்து எடுத்து வைங்க."

அவருக்குப் பிடித்த பக்கம். அவர் இன்னும் பிரிக்காத புத்தகத்தில்.

பதினொரு மணிக்கு ஹதானோவும் இகுயேவும் வந்ததும் மிசாவோவுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அவர்கள் இருவரும் நொபோருவும் சேர்ந்ததுதான் தொமொபே வாசகர் கூட்டம். வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் இதே உள்ளறையில் உட்கார்ந்து தொமொபேயின் பழைய கதைகளைத் திரும்பத் திரும்பப் பிரித்து மேய்வார்கள். ஹதானோ மீன் சந்தையில் ஏலம் கூவியவர். அறுபத்தெட்டு வயதில் குரல் கட்டைக்குரலாகத் தேய்ந்துவிட்டது, வாய் மட்டும் தேயவில்லை. இகுயே ஐம்பதைத் தொடுகிறவள், மருந்துக் கடையில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஊரில் யார் எந்த மாத்திரை தின்கிறார்கள் என்பது தெரிந்தும் ஒரு வார்த்தை வெளியே விடாதவள், தொமொபேயைப் பற்றி என்றால் ஹதானோவின் வாயையே அடைத்துவிடுவாள்.

இருவரும் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டார்கள். ஹதானோ வெள்ளைத் துணியை விலக்கி நண்பனின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நண்பனை இழுக்கற நாளாம்டா இன்னிக்கு. இழுக்கறதுன்னா இகுயேவை முதல்ல இழு. அவதான் வாடகை வீட்டுல இருக்கா" என்றார்.

"நான் வந்தா அங்கயும் உங்க கருத்து தப்புன்னுதான் சொல்வேன், ஹதானோ சான்" என்றாள் இகுயே. சொல்லும்போதே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மிசாவோ தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். நேற்று மத்தியானமே இருவரும் ஆளுக்கொரு பிரதி வாங்கிப்போய் ஒரே மூச்சில் படித்து முடித்ததைச் சொன்னார்கள். நொபோருவுக்காகச் செய்ய வேறு எதுவும் தோன்றவில்லை என்றாள் இகுயே. மிசாவோ புத்தகத்தை அவர்கள் முன் வைத்து, செகிகுச்சி சொன்னதைச் சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் படிச்சிருக்கீங்க. எந்தப் பக்கத்தை எடுத்து வைக்கலாம்னு காட்டுங்க. அவருக்குப் பிடிச்சிருக்கக்கூடிய இடமா இருக்கணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இகுயே நேராக இருந்த ஊதுபத்தியை எடுத்து மறுபடி நேராக நட்டாள். ஹதானோ தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

துக்கம் வாயை அடைத்திருக்கிறது என்று முதலில் மிசாவோ நினைத்தாள். பிறகுதான் அந்த மௌனம் வேறு மாதிரி இருப்பது உறைத்தது. முப்பத்துநாலு வருடம் மனைவியாக இருந்தவளுக்கு, ஒரு ஆண் எதையோ மறைக்கும்போது தோள் எப்படி இருக்கும் என்று தெரியும்.

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லா இல்லன்னு இல்ல..." என்று இழுத்தார் ஹதானோ. "வயசாயிடுச்சு மனுஷனுக்கு. இருந்தாலும் சில இடம்..."

"செத்தவர் முன்னாடி பொய் சொல்லாதீங்க" என்றாள் இகுயே தாழ்ந்த குரலில்.

அதற்குப் பிறகு எல்லாம் கொட்டிவிட்டது. ஏலக்காரர் வாயிலிருந்து வருவதைத் தடுக்க முடியவில்லை, அவரும் தடுக்கப் பார்க்கவில்லை. பழைய தொமொபே கதவுக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று கடைசிவரை சொல்ல மாட்டார். அந்தச் சொல்லாமல் விட்டதில்தான் வாசகன் நடுங்குவான். இந்தப் புத்தகத்தில் பேய் வரிசையாக வந்து, தான் யார், எப்படிச் செத்தேன், யார் மேல் கோபம் என்று மனு கொடுப்பது மாதிரி பேசுகிறது. கடைசியில் எல்லாரும் எல்லாரையும் மன்னித்து, கரையில் நின்று சூரியோதயம் பார்க்கிறார்கள். படிக்கும்போது பாதியில் தூங்கிப்போனதாகச் சொன்னார் ஹதானோ. தொமொபேயைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கினது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. விழித்ததும் அழுகை வந்தது. புத்தகத்துக்காக அழுதாரா, நொபோருவுக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஏழு வருஷம் காத்துக்கிட்டு இருந்தான். இதுக்கா காத்துக்கிட்டு இருந்தான்னு நினைச்சா..." என்றார் ஹதானோ.

இழவு வீட்டில் ஒரு கதைப் புத்தகத்தின் மேல் கோபப்படுவது தங்களுக்கே வெட்கமாக இருக்கிறது என்று இகுயே மன்னிப்புக் கேட்டாள். மிசாவோவின் பார்வை புத்தகத்தின் மேல் இருந்தது. வெள்ளை அட்டை, அதில் மங்கலாக ஒரு படகு. நேற்று மூடுபனியில் இதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தபோது ஏதோ உயிருள்ளதைத் தூக்கி வருவதுபோல் இருந்தது. இப்போது அது கடையில் விற்கும் ஒரு சாமான்.

ஹதானோ ஒரு வழி சொன்னார். பழைய புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்து வைக்கலாம். 'அடுத்த வீட்டு விளக்கு' நொபோருவுக்கு மனப்பாடம். அதன் கடைசிப் பத்துப் பக்கத்தை வைத்தால் ராஜா மாதிரிப் போவான். இகுயே ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கேட்டது புதுசை. மனப்பாடமான ஒன்றை யாராவது ரயிலில் படிக்க எடுத்துப்போவார்களா? மட்டமானதை வைத்து அவனை அவமானப்படுத்தச் சொல்கிறாயா என்றார் ஹதானோ. மட்டமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நொபோருவுக்குத்தான் உரிமை உண்டு, நீங்கள் யார் அவருக்குப் பதிலாகப் படித்து முடிவு செய்ய என்றாள் இகுயே. குரல்கள் ஏறின. நடுவில் நொபோரு வெள்ளைத் துணிக்கடியில் அமைதியாகக் கிடந்தார்.

"நான் படிக்கறேன்" என்றாள் மிசாவோ.

இருவரும் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

அவர்கள் பார்த்ததில் தப்பில்லை. மிசாவோவுக்குப் பேய்க்கதை ஆகாது என்பது அந்த வீட்டில் கூரை மாதிரி நிலையான விஷயம். கல்யாணமான புதிதில் ஒரு மழை நாளில் நொபோரு அவளுக்கு இரண்டு பக்கம் படித்துக் காட்டினார். அதற்குப் பிறகு சில நாள் அவள் குளியலறைக்குத் தனியாகப் போக மறுத்தாள். அவர் வெளியே நின்று பாட்டுப் பாட வேண்டியிருந்தது. அதை அவர் எல்லாரிடமும் சொன்னார். அவளும் சொல்லவிட்டுச் சிரித்தாள். வியாழக்கிழமைகளில் தேநீர் வைத்துவிட்டு, "பயந்தாங்கொள்ளி கிளம்பறேன்" என்று சறுக்குக் கதவை மூடிக்கொண்டு அடுத்த அறையில் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள். நாற்பது வயதுக்கு மேல் அந்தப் பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஆனால் வேடிக்கை வீட்டில் பழகிப்போயிருந்தது, அதை யாரும் எடுத்து வெளியே போடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் விழுந்து விழுந்து சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு, பேயைப் படிக்கிறவர்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்று யோசித்தபடியே அவள் சமையல் நிகழ்ச்சி பார்ப்பாள்.

இப்போது அவள் நொபோருவின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்து, அவருக்குக் கேட்கிற மாதிரி உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

கதை ஒரு படகுத்துறையில் தொடங்கியது. இதே மாதிரி ஒரு ஊர், இதே மாதிரி மூடுபனி. சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் ஒரு பெண். ஜன்னல் தாழ்வானது, வெளியில் நிற்பவரின் முகம் தெரியாது, கை மட்டும் உள்ளே நீளும். அவள் சீட்டை அந்தக் கையில் வைப்பாள். மூடுபனி அதிகமான ஒரு நாள், கூட்டம் நிறைய. கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. எல்லாம் ஈரமான கைகள். பனி என்று அவள் நினைக்கிறாள். வெகுநேரம் கழித்துத்தான் கவனிக்கிறாள். கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பழைய தழும்பு. அதற்கு முந்தைய கையிலும் அதே தழும்பு இருந்தது. அதற்கு முந்தையதிலும். காலையிலிருந்து அவள் ஒரே கைக்குத்தான் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடுகிறாள். கணவன் எதுவும் கேட்கவில்லை. அடுப்படியிலிருந்து சூடாகச் சோறு போட்டு, கிண்ணத்தை அவளிடம் நீட்டுகிறான். அவள் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டுகிறாள். கிண்ணத்தைப் பிடித்திருக்கும் கட்டைவிரலைப் பார்க்கிறாள்.

அத்தியாயம் அங்கே முடிந்திருந்தது.

மிசாவோவின் முழங்கைவரை மயிர் கூச்செறிந்திருந்தது. "அய்யோ, இதைக் கேட்டீங்களா" என்று சொல்ல வாயெடுத்துப் பக்கத்தில் திரும்பினாள்.

வெள்ளைத் துணி அசையாமல் இருந்தது.

இகுயே, "இந்த அத்தியாயம் பழைய தொமொபேதான்" என்றாள். "இதைப் படிச்சு முடிச்சதும் நான் எழுந்து வீட்டு விளக்கையெல்லாம் போட்டேன்."

மிசாவோ பக்கத்தைத் திருப்பித் தொடர்ந்து படித்தாள். இரண்டாம் அத்தியாயத்தில் கைக்குச் சொந்தக்காரன் வந்துவிட்டான். வந்தவன் முதல் வரியிலேயே பேச ஆரம்பித்தான். பெயர் சொன்னான், ஊர் சொன்னான், எந்தப் புயலில் எந்தப் படகு கவிழ்ந்தது, பாதுகாப்பு மிதவையை வாங்காமல் விட்டது யார் என்று சொன்னான். மூன்றாவது பக்கத்திலும் சொல்லிக்கொண்டே இருந்தான். மிசாவோவின் குரல் தானாகவே வேகம் குறைந்து, சந்தைக்குப் போகும் பட்டியலைப் படிப்பது மாதிரி ஆகிவிட்டது. கையில் எழுந்து நின்ற மயிரெல்லாம் படிந்துவிட்டிருந்தது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இவன் எதுக்கு இவ்வளவு பேசறான்?"

இகுயே வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவள் தோளைக் குலுக்கியது. "அதேதான் மிசாவோ சான். சரியா அதே இடம். நானும் அங்கதான் புத்தகத்தைக் கீழ வச்சேன்."

"நொபோரு இருந்தா இந்நேரம் 'மிசாவோ, டீ!'ன்னு குரல் கொடுத்திருப்பான்" என்றார் ஹதானோ.

"டீயா? எதுக்கு?"

"எழுத்து சொதப்பினா அவனுக்கு டீ வேணும். உங்களுக்குத் தெரியாதா? நல்லாப் போகும்போது பக்கத்துல வீடு பத்திக்கிட்டாலும் எழுந்திரிக்க மாட்டான். சொதப்பல் வந்தா உடனே டீ."

மிசாவோவுக்குத் தெரியாது. வியாழக்கிழமைகளில் கதவுக்கு அப்பாலிருந்து வரும் அந்தக் குரலுக்கு எத்தனை தடவை எழுந்து தண்ணீர் கொதிக்க வைத்திருப்பாள். நன்றாகத்தானே குடித்தார், அதற்குள் என்ன தாகம் என்று நொந்துகொண்டிருப்பாள். தட்டை எடுத்துக்கொண்டு போய், கண்ணை வேறு பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஓடி வந்துவிடுவாள். ஒரு தடவையாவது உட்கார்ந்து, ஏன் இப்போது டீ கேட்டீர்கள் என்று கேட்டதில்லை.

அதன் பிறகு மூன்று பேரும் அந்தப் புத்தகத்தை வைத்து வாங்கு வாங்கு என்று வாங்கினார்கள். மிசாவோ படிப்பாள், ஹதானோ ஏலக் குரலில் பேயின் பேச்சுக்கு விலை கூவுவார், இகுயே அதற்கு எந்த மருந்து கொடுக்கலாம் என்று சொல்வாள். பேய் தன் அம்மாவின் கைப்பக்குவத்தைப் பற்றி ஒரு பக்கம் பேசும் இடத்தில் மிசாவோ, "இவன் சாப்பிட வந்திருக்கானா, பழிவாங்க வந்திருக்கானா?" என்று கேட்டுவிட, ஹதானோ பாயில் கையை அறைந்து சிரித்தார். சத்தம் கேட்டு அக்கா கதவைத் திறந்து, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்துவிட்டு மூடினாள்.

சிரிப்பு ஓய்ந்தபோது அறையில் ஒரு இடைவெளி விழுந்தது. மூவரும் எதற்கோ காத்திருந்தார்கள். இந்த இடத்தில் ஒருவர் பேச வேண்டும். ஹதானோவையும் இகுயேவையும் இரண்டு பேரையும் மறுத்து, தொமொபேக்காகப் பரிந்து ஏதாவது ஒரு வாதம் வைத்து, அடுத்த சண்டையை ஆரம்பித்து வைக்க வேண்டும். அந்தக் குரல் வரவில்லை.

"நானும் உக்காந்திருக்கலாம்" என்றாள் மிசாவோ. "இத்தனை வருஷமும். எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது."

யாரும் அவளைத் தேற்றவில்லை. தேற்ற என்ன இருக்கிறது. ஹதானோ தன் கைக்குட்டையை எடுத்து அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரம் அவள் அதை முகத்தில் வைத்தபடி இருந்தாள். புதன்கிழமையிலிருந்து தேக்கி வைத்திருந்ததெல்லாம் அதில் போயிற்று.

பிறகு எழுந்து முகம் கழுவிவிட்டு வந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் அத்தியாயத்தைக் கழற்ற ஆரம்பித்தாள். காகிதத்துக்கு ஒரு ஓட்டம் உண்டு, மேலிருந்து கீழாக இழுத்தால் நேராகக் கிழியும் என்று நொபோரு எப்போதோ சொல்லியிருக்கிறார். நேராகத்தான் கிழிந்தது. தாள் தாளாக எடுத்துப் பாயில் அடுக்கினாள்.

"முதல் அத்தியாயம் போதும்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார் ஹதானோ. அவர் முகத்தில் ஆறுதல் தெரிந்தது. "நல்லதுதான். பழைய தொமொபே திரும்பி வந்துட்டாருன்னு நினைச்சுக்கிட்டே போகட்டும்."

இகுயே மட்டும் தயங்கினாள். "ஆனா பாதியில நிக்குமே. கிண்ணத்தை நீட்டற இடத்துல. அவரால புத்தகத்தைப் பாதியில வைக்கவே முடியாது. அப்புறம் என்ன ஆச்சுன்னு தவிச்சுக்கிட்டே இருப்பாரு."

மிசாவோ கடைசித் தாளை அடுக்கின் மேல் வைத்து, ஓரங்களைத் தட்டிச் சரி செய்தாள்.

"மீதி என்கிட்ட இருக்கட்டும். நான் படிச்சு வைக்கறேன். நான் அவர்கிட்ட போகும்போது சொல்றேன்."

"நல்லா இருந்துச்சான்னு கேட்டா?" என்றார் ஹதானோ.

"கேட்கட்டும். அப்ப அவருக்கு டீ போட்டுக் கொடுத்துட்டுச் சொல்றேன்."

சாயங்காலம் துறவி வந்து ஓதினார், சொந்தக்காரர்கள் வந்தார்கள். மறுநாள் காலை, பெட்டியை மூடுவதற்கு முன் எல்லாரும் பூ வைத்தார்கள். செகிகுச்சி சொன்னபடி மிசாவோ தாள்களை ஒன்றன்மேல் ஒன்று படாமல் அவர் மார்பின் மேல் பரப்பினாள். கணவன் கிண்ணம் நீட்டும் பக்கத்தை மட்டும் அவர் விரல்களுக்கு அடியில் செருகினாள். விரல்கள் விறைத்திருந்ததால் கொஞ்சம் சிரமமாக இருந்தது. கையிலேயே கொடுத்துவிட்டாள்.

தகனசாலையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு கூப்பிட்டார்கள். தட்டு வெளியே வந்தது. மிசாவோ முதலில் பயந்தது கறுப்புத் தாள் ஒட்டியிருக்குமோ என்றுதான். எதுவும் இல்லை. எலும்புகள் வெள்ளையாக, காய்ந்த பவளம் மாதிரிக் கிடந்தன. இருவர் இருவராகச் சேர்ந்து குச்சிகளால் ஒரே எலும்பைப் பிடித்துக் கலசத்தில் வைக்க வேண்டும். மிசாவோவோடு ஹதானோ நின்றார்.

எலும்பைக் கலசத்துக்குள் விட்டதும் அவர் தட்டை ஒருமுறை முழுக்கப் பார்த்தார்.

"ஒரு வரி மிச்சம் வைக்கல" என்றார் தன் தேய்ந்த குரலில். "முழுசாப் படிச்சுட்டான்."

திரும்பும்போது ஹதானோவின் காரில் வந்தார்கள். மூடுபனி இன்னும் விலகவில்லை. எதிர்வரும் வண்டிகளின் விளக்கு மட்டும் வந்து வந்து போயிற்று. மிசாவோவின் மடியில் கலசம். காலடியில் வைத்திருந்த பையில், முன்பக்கம் கிழிந்த புத்தகம். பின்சீட்டிலிருந்து இகுயே மெதுவாக, உண்மையிலேயே படிக்கப் போகிறீர்களா என்று கேட்டாள். இன்னும் முந்நூறு பக்கம் இருக்கிறது, பின்னால் போகப் போக மோசம், கஷ்டப்பட வேண்டாமே என்றாள்.

"படிச்சுத்தானே ஆகணும். சொல்றேன்னு சொல்லிட்டேன்."

"நல்ல புத்தகம்னா ஒரு தடவை போதும், மிசாவோ சான். மனசுல நின்னுடும். இந்த மாதிரிப் புத்தகம் நிக்காது. எனக்கு இப்பவே பாதி மறந்துபோச்சு."

மிசாவோ கலசத்தின் மேல் சுற்றியிருந்த வெள்ளைத் துணியின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள். உள்ளே இன்னும் சூடு இருந்தது.

"அப்ப ஒரு தடவை படிச்சாப் பத்தாது" என்றாள். "மறக்க மறக்கப் படிச்சுக்கிட்டே இருக்கணும். நான் போக இன்னும் எத்தனை வருஷம் ஆகும்னு யாருக்குத் தெரியும்."

ஹதானோ முன்னால் தெரியாத சாலையில் வண்டியை மெல்ல ஓட்டினார்.